"தெமாசெக் காசு" என்று கண்ணாடிச் சட்டத்தில் வைத்து விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் வார இறுதி விற்பனைக் கூடங்களுக்குப் போகிறவர்கள், குறிப்பாக ஊருக்குப் பரிசு வாங்கிப் போக நினைப்பவர்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எனக்கு 420 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். என் தாய்மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆசை ஆசையாகக் கொண்டுபோன பரிசு பொய்யாகிப் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

மாமா தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். கோவில் கோவிலாகப் போய்க் கல்வெட்டு படிக்கிற பழக்கம் உண்டு. அவருக்கு என்ன வாங்குவது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடை கண்ணில் பட்டது. மரச்சட்டம், கண்ணாடி, உள்ளே கறுப்பு வெல்வெட். அதன்மேல் சதுர ஓட்டை போட்ட நான்கு செப்புக் காசுகள், இளம்பச்சை மெருகு பூசிய ஒரு பீங்கான் சில்லு, ஏழெட்டுக் கண்ணாடி மணிகள். காசுகளில் இரண்டை முன்பக்கம் தெரியும்படியும் இரண்டைப் பின்பக்கம் தெரியும்படியும் ஒட்டியிருந்தார்கள். கீழே பித்தளைத் தகட்டில் "தெமாசெக் 1300". தெமாசெக் என்பது சிங்கப்பூரின் பழைய பெயர்.

கடைக்காரர் நன்றாகத் தமிழ் பேசினார். "அண்ணே, தஞ்சாவூரா நீங்க? அப்போ இது உங்க பாட்டன் சொத்துண்ணே" என்றார். ஃபோர்ட் கேனிங் குன்றில் தோண்டியபோது வந்தது, சோழர் கட்டிய துறைமுகம், காசின் பின்னால் இருப்பது வட்டெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினார்.

நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. அவர் சொன்னதில் பாதி உண்மை. வெள்ளைக்காரன் 1819இல் வருவதற்கு முன்னால் இங்கே வெறும் மீன்பிடி கிராமம்தான் என்பது சரியில்லை. 14ஆம் நூற்றாண்டில் தெமாசெக் நல்ல புழக்கமுள்ள துறைமுகம். 1349 வாக்கில் எழுதிய சீனரான வாங் தாயுவான், இங்கிருந்த மக்கள் முடியைக் குட்டையாக வெட்டிச் சரிகைத் துணியால் தலைப்பாகை கட்டியதையும், கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்ததையும், அரிசியில் மது வடித்ததையும் குறித்திருக்கிறார். இருவாச்சிப் பறவையின் கொண்டை, லாக்கா என்ற வாசனை மரம், வெள்ளீயம் இங்கே கிடைத்தன. பருத்தித்துணி, இரும்பு, பீங்கான் இங்கே வந்து இறங்கின. கொள்ளைக்காரர் பயமும் இருந்தது. திரும்பி வரும் சீனக் கப்பல்கள் கரிமுன் தீவை நெருங்கும்போதே அம்புகளைத் தடுக்கத் திரை கட்டிக்கொள்ளும், இருநூறு முந்நூறு படகுகள் சூழ்ந்துகொள்ளும் என்கிறார். அந்தக் குன்றுக்கு மலாயில் புக்கிட் லாராங்கான், அதாவது தடுக்கப்பட்ட மலை என்று பெயர். அரசர்கள் வாழ்ந்த இடம் என்று மலாய்க்காரர்கள் அந்தக் காலத்தில் அங்கே ஏற மாட்டார்கள்.

1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான், காசு, கண்ணாடி மணி எல்லாம் வந்தது உண்மை. ஆக, சட்டத்துக்குள் இருந்த பொருள் ஒவ்வொன்றும் அங்கே கிடைத்த வகைதான். இந்த ஊர் வரலாற்றில் கொஞ்சம் ஆர்வம் இருப்பவர்களைப் பார்த்துத்தான் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் மாமா திண்ணையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பின்பக்கம் காட்டிய காசையே வெகுநேரம் பார்த்தார். சதுர ஓட்டைக்கு இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல். இரண்டும் மேலிருந்து கீழாக, ஒரு தண்டில் பல் பல்லாகப் புள்ளியும் கொக்கியும் வைத்தமாதிரி இறங்குகின்றன. "மாப்பிள்ளை, வட்டெழுத்து இப்படி இறங்காதுப்பா. இது ஏதோ வேற எழுத்து" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தைத் துடைத்துப் பீரோமேல் வைத்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்ததும் முன்பக்கக் காசின் படத்தைக் கூட வேலை செய்யும் சீன நண்பரிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டார்: சியன்லோங் தோங்பாவ். சியன்லோங் சீனாவை ஆண்ட சிங் வம்சத்துப் பேரரசர். ஆட்சிக்கு வந்தது 1735இல். பின்னால் இருப்பது அந்த வம்சத்தாரின் மஞ்சு மொழி எழுத்து. அந்த எழுத்தே 1599இல்தான் உருவானது. 1300இல் புதைந்த காசில் அது எப்படி இருக்கும்?

இந்த இடத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய காசு பிற்காலத்து மண்ணில் கிடைக்கலாம், தப்பில்லை. தெமாசெக்கில் நூறு இருநூறு வருடம் பழைய, சீனாவின் சோங் வம்சக் காசுகள்தான் அதிகம் புழங்கின. 1822இல் அந்தக் குன்றைச் சுற்றிப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி கிராஃபர்டுகூட அப்படிப்பட்ட காசுகள் கிடைத்ததை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் பிற்காலக் காசு கலையாத முற்காலத்து மண்ணுக்குள் போகவே போகாது. பின்பக்கம் மஞ்சு எழுத்து இருந்தால் அது தெமாசெக் காசு இல்லை, அவ்வளவுதான். அசல் சியன்லோங் காசே சில வெள்ளிக்குக் கிடைக்கிற சாதாரணப் பொருள்.

சோழர் கதையையும் சொல்லிவிடுகிறேன், நம்மை வீழ்த்துவது அதுதான். 1025இல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியல் மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, கடாரம், நக்கவாரம் எல்லாம் வரும். தெமாசெக் வராது. தமிழ் வணிகர்கள் கல் நட்டது இங்கே இல்லை, சுமத்திராவின் பாருஸில். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு அங்கே லோபு துவாவில் கிடைத்தது. சிங்கப்பூர் ஆற்று முகத்தில் நின்ற பெரிய எழுத்துக் கல்லை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். தேசிய அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருக்கும் துண்டை இன்னும் யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. அதைத் தமிழ் என்று சொல்லி விற்கிறவரையும் நம்பாதீர்கள்.

சரி, பணம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ரசீதை எடுத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. "அலங்காரப் பொருள் 1" என்று மட்டும் போட்டிருந்தது. தெமாசெக் என்றோ 14ஆம் நூற்றாண்டு என்றோ ஒரு சொல் கிடையாது. நிறுவனப் பதிவு எண்ணும் இல்லை, வெறும் கடை எண். ரொக்கமாகக் கொடுத்தால் 30 வெள்ளி குறைக்கிறேன் என்று அவர் சொன்னதும் இதற்காகத்தான். கைப்பேசியில் அனுப்பியிருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும். அடுத்த வாரம் போனபோது அந்த இடத்தில் வேறொருவர் பைகள் விற்றுக்கொண்டிருந்தார். பழைய எண்ணுக்கு அழைத்தால் மணி அடிப்பதே இல்லை.

பழம்பொருள் என்று யார் விற்றாலும், எந்தக் காலம், எந்த இடம் என்று ரசீதில் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வந்துவிடுங்கள். காசை இரண்டு பக்கமும் படம் எடுத்துச் சீனம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், இரண்டு நிமிட வேலை. சில்லின் உடைந்த ஓரத்தையும் பாருங்கள். என் சட்டத்தில் இருந்த சில்லின் ஓரம் நேற்று உடைத்ததுபோல் வெள்ளையாக, கையை அறுக்கும் கூர்மையோடு இருந்தது. அருங்காட்சியகத்தில் வைத்திருப்பதைப் பிறகு போய்ப் பார்த்தேன், மங்கி மண்நிறம் ஏறியிருந்தது. அதே கட்டடத்தில்தான் 1928இல் குன்றில் தோண்டிய கூலியாட்களுக்குக் கிடைத்த பொன் கைவளையும் இருக்கிறது. நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வாங்கப் போகும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

போன வாரம் இணையத்தில் அதே மாதிரிச் சட்டம் ஒன்றை 390 வெள்ளிக்குப் போட்டிருந்தார்கள். அதே கறுப்பு வெல்வெட், அதே பித்தளைத் தகடு. இந்த முறை நான்கு காசையும் முன்பக்கம் தெரியும்படி ஒட்டிவிட்டார்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.