கைக்கடிகாரம் காட்டிய 171: ‘இதய நல அறிக்கை’க்குப் பணம் கட்டும் முன் ஓர் எச்சரிக்கை

உடற்பயிற்சிக் கைக்கடிகாரத்தின் செயலியில் விற்கப்படும் ‘இதய நல அறிக்கை’க்கு ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டி நான் ஏமாந்தேன். பணம் போனதைவிட, இல்லாத நோய்க்குப் பயந்து மூன்று வாரம் ஓட்டத்தையும் உறக்கத்தையும் இழந்ததே எனக்குப் பெரிய இழப்பு. அதே அறிவிப்பு உங்கள் திரையிலும் வரக்கூடும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 48. மெதுவோட்டம் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் என்றாலும், ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஓட்டம் முடியும்வரை கடிகாரம் என் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 170, 171, 172 என்றே காட்டிவந்தது. மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும் அந்த எண் அசையவில்லை. அது எவ்வளவு விசித்திரம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் இதயம் உச்ச வரம்பைத் தொட்டுவிட்டது என்று சிவப்பு எழுத்தில் எச்சரித்த செயலி, விரிவான அறிக்கையும் நிபுணர் ஆலோசனையும் வேண்டுமானால் சந்தா கட்டும்படி கூறியது. அன்றிரவே கட்டினேன்.

வந்த அறிக்கையில் என் ஓட்டத் துடிப்பு ‘அதிக ஆபத்து’ என்றும், தூக்கத்தில் 51 வரை இறங்கியது ‘கவலைக்குரிய தாழ்வு’ என்றும் எழுதியிருந்தார்கள். அளவீடு தவறாக இருக்க வாய்ப்புண்டா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும், எங்கள் கருவி மருத்துவத் துல்லியம் கொண்டது என்ற ஒரே பதிலும், இதைவிட விலை கூடிய சந்தாவுக்கு மாறும்படி ஒரு பரிந்துரையும் வந்தன.

கடைசியில் மருத்துவரிடம் போனேன். இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இசிஜி, டிரெட்மில் பரிசோதனை இரண்டும் இயல்பாக இருந்தன. அறிக்கையைப் புரட்டிப் பார்த்த அவர், “ஓடும்போது கையால் நாடி பிடித்துப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை வழக்கமான வேகத்தில் ஓடி, கடிகாரம் 171 காட்டிய இடத்தில் நின்று, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 15 விநாடிகள் எண்ணினேன். 33 துடிப்புகள் வந்தன, நிமிடத்துக்கு 132. நின்றதுமே துடிப்பு இறங்கத் தொடங்கும் என்பது உண்மைதான், ஆனால் சில விநாடிகளில் 40 துடிப்பு இறங்கிவிடாது. மீண்டும் ஓடத் தொடங்கி, வலது கால் தரையில் படுவதை மட்டும் 30 விநாடிகள் எண்ணினேன். 43 முறை. இரண்டு கால்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 172 அடிகள். கடிகாரம் இத்தனை நாளும் எண்ணியது என் இதயத்தை அல்ல, என் கால்களை.

ஓடும்போது இந்தக் கடிகாரங்கள் இதயத்தின் மின்துடிப்பை அளப்பதில்லை. பின்புறத்திலுள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பெருகி வடியும்போது திரும்பி வரும் ஒளி குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து ஒரு கணக்கீடு துடிப்பை ஊகித்துச் சொல்கிறது. ஓடும்போது கை வீச்சும் காலடியின் அதிர்வும் அதே ஒளியைத் தம் தாளத்தில் அசைக்க, கணக்கீடு அந்தத் தாளத்தைத் துடிப்பென்று எடுத்துக்கொள்கிறது. ஓட்டக்காரர்கள் இதை ‘கேடன்ஸ் லாக்’ என்பார்கள். பட்டை தளர்வாக இருந்தாலும், குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைந்தாலும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும் பிழை கூடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கமாகக் கட்டிய பிறகு எனக்கு இந்தக் கோளாறு பெரும்பாலும் நின்றது. மின்துடிப்பையே அளக்கும் மார்புப் பட்டை ஓட்டத்தின்போது இதைவிட நம்பகமானது.

அறிக்கை சொன்ன ‘உச்ச வரம்பு’ எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். 220-இலிருந்து வயதைக் கழிப்பதுதான் அது, எனக்கு 172. 1971-இல் ஃபாக்ஸும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவிய இந்த வாய்ப்பாடு ஒரு தோராயம். ஒரே வயதுடையவர்களிடையே 10, 12 துடிப்பு கூடுவதும் குறைவதும் சாதாரணம். 2001-இல் டனாகா குழுவினர் தந்த சூத்திரம் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அதன்படி எனக்கு ஏறத்தாழ 174. இரண்டுமே முழு முயற்சியில் இதயம் எட்டக்கூடிய வேகத்தைச் சொல்பவை. தாண்டினால் ஆபத்து என்று எச்சரிக்கும் கோடுகள் அல்ல. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. என் அறிக்கைக்காக எந்த மருந்து உட்கொள்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தூக்கத்தில் 51-ஐப் பற்றிய பயமும் வீண்தான். விழித்து ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை என்பது பொதுவான அளவு. உறங்கும்போது 60-க்குக் கீழே போவது வழக்கமானது.

இதைப் படித்துவிட்டுக் கடிகாரத்தின் எல்லா எச்சரிக்கைகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஓய்வாக இருக்கும்போது துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாக அது மீண்டும் மீண்டும் சொன்னால் இசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம். மார்பு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் கடிகாரம் எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில கடிகாரங்களில் விரலை வைத்து எடுக்கும் இசிஜி இதயத்தை ஒரே கோணத்திலிருந்து மட்டும் பதிவு செய்வது, அதனால் மாரடைப்பைக் கண்டறிய இயலாது.

நாடிக் கணக்கையும் பரிசோதனை முடிவுகளையும் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்டேன். இது பொதுநலப் பயன்பாட்டுக்கான கருவி, நோய் கண்டறிய அல்ல என்று நிபந்தனைகளின் இறுதியில் எழுதியிருக்கிறது என்றார்கள். ‘மருத்துவத் துல்லியம்’ என்று மூன்று முறை எனக்கு எழுதியவர்களும் அவர்களேதான். அந்தப் பதில்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் எழுத்து மூலம் புகார் கொடுக்க முடிந்தது. பணம் இன்னும் வரவில்லை. நீங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தால், செயலியை நீக்குவதால் மட்டும் சந்தா நின்றுவிடாது. கைபேசியின் செயலிக் கடையில் ‘சந்தாக்கள்’ பகுதிக்குச் சென்று, புதுப்பிப்பு நாளுக்கு முன்பே ரத்து செய்து, ரத்தானதற்கான அறிவிப்பையும் சேமித்து வையுங்கள்.