பாட்டில் மட்டும்தான் பாப்பி

கென்டக்கியில் லூயிவில் பக்கம் இருப்பவர்களுக்கு: "பாப்பி வான் விங்கிள் 15 வருஷம், சீல் உடைக்காதது, அவசரமாகப் பணம் தேவை" என்று யாராவது செய்தி அனுப்பினால், பதில் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் இரண்டு நண்பர்களும் 1,100 டாலரைத் தொலைத்த கதை.

பாப்பி என்பது பர்பன், அதாவது மக்காச்சோளத்தை முக்கியமாக வைத்துச் செய்யும் அமெரிக்க விஸ்கி. இந்த பாட்டில் கடை அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்காது. பெரும்பாலும் குலுக்கலில் பேர் வந்தால்தான் உண்டு. கம்பெனி குறிக்கும் விலை 200 டாலரைக்கூடத் தொடாது, ஆனால் வெளியே கைமாறும்போது பல மடங்கு. 1,100 என்றதும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆசைதான்.

விற்க வந்தவனை ஒரு கேஸ் ஸ்டேஷன் வாசலில் சந்தித்தோம். அப்பா சேர்த்து வைத்தது, வீட்டைக் காலி செய்கிறோம் என்றான். குரலில் சோகம்கூட இருந்தது. லேபிளைப் பார்த்தேன், அசல். கண்ணாடியில் பொறித்த எழுத்து, உள்ளே சரக்கின் மட்டம், எல்லாம் சரி. மூடிமேல் இருந்த உறை மட்டும் கழுத்தோரம் லேசாகச் சுருங்கி, ஹேர் டிரையர் காட்டி ஒட்டியது போல இருந்தது. பழைய பாட்டில், அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஃபோனில் பணத்தை அனுப்பியாகிவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி அண்ணன் வீட்டில் திறந்தோம். எங்கள் மூவரில் அவர்தான் மூத்தவர், நாக்கும் அவருக்குத்தான். சும்மா குடித்தால் பேர் மயக்கத்தில் எல்லாமே அமிர்தமாகத் தெரியும் என்று, நான்கு கிளாஸ்களில் ஊற்றி அடியில் சீட்டு ஒட்டினார்: பாப்பி, கூடவே வேறு மூன்று பர்பன்கள், வெல்லர் ஆன்டிக், மேக்கர்ஸ் மார்க், வைல்ட் டர்க்கி 101. அப்புறம் கிளாஸ்களை இடம் மாற்றி வைத்தார்.

வாயில் வைப்பதற்கு முன்பே ஒரு கிளாஸ் உறுத்தியது. மற்றவற்றைவிட வெளிறிப்போய், தேன் கலந்த டீ மாதிரி நிறம். பர்பனில் நிறமி சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை, நிறம் மொத்தமும் உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயிலிருந்து வர வேண்டும். 15 வருஷம் மரத்தில் ஊறியது என்றால் நன்றாகச் சிவந்து கறுத்திருக்கும்.

அண்ணன் அந்த கிளாஸை ஒரு வாய் உறிஞ்சி, கொஞ்சம் மென்று, கீழே வைத்தார்.

"தம்பி, இதுல ரை இருக்கு. மிளகு மாதிரி நாக்கு நுனியில கடிக்குது பாரு. டர்க்கியா இது?"

சீட்டைப் புரட்டினேன். பாப்பி.

ரை என்பது காரம் தரும் ஒரு தானியம். பாப்பியில் அது கிடையாது. மக்காச்சோளத்தோடு சேர்வது கோதுமையும் மால்ட் பார்லியும்தான், அந்த மென்மைக்காகத்தான் இத்தனை பேர் அதைத் தேடி அலைகிறார்கள். இன்னொரு விஷயம், 15 வருஷ பாட்டில் 107 ப்ரூஃப், அதாவது 53.5 சதவீதம் ஆல்கஹால். தொண்டையிலிருந்து நெஞ்சுவரை சூடு இறங்க வேண்டும். இது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது.

நாக்கை மட்டும் நம்பி ஒருத்தன்மேல் பழி போடக் கூடாது என்று மறுநாள் ஹைட்ரோமீட்டர் எடுத்தோம், மிதக்கவிட்டால் ஆல்கஹால் சதவீதத்தைக் காட்டும் கருவி. சிலிண்டரில் 100 மில்லி ஊற்ற வேண்டும். நிஜப் பாப்பியாக இருந்தால் யாருக்கும் மனசு வராது! முதலில் வெல்லர் ஆன்டிக்கை வைத்துச் சரிபார்த்தோம். அதுவும் பாப்பி மாதிரியே கென்டக்கி ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள பஃபலோ டிரேஸ் வடிசாலையில் கோதுமை போட்டுச் செய்வது, அதே 107 ப்ரூஃப். மீட்டர் 53-ல் நின்றது. அப்புறம் நம்ம பாட்டில். மூழ்கி, ஆடி, 45-ல் போய் நின்றுவிட்டது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அவனுக்குச் செய்தி போட்டேன். நம்பர் பிளாக். போலீசுக்குப் போகலாம் என்றால், கென்டக்கியில் லைசென்ஸ் இல்லாமல் மது விற்பதே சட்டவிரோதம், அப்படி வாங்கிய நமக்கும் வாய் திறக்கத் தயக்கம். அது தெரிந்தேதான் இவர்கள் தைரியமாக ஏமாற்றுகிறார்கள்.

பழைய பாட்டில்தான் வேண்டும் என்றால், 2018-லிருந்து இந்த மாநிலத்தில் லைசென்ஸ் உள்ள கடைகள் சீல் உடையாத பழைய பாட்டில்களைத் தனியாரிடம் வாங்கி விற்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. விலை கூடுதல்தான், போங்கள். கடை என்றால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2021-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காரர்கள் நியூயார்க் கடை ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் டாலருக்கு வாங்கிய கர்னல் டெய்லர் ஃபோர் கிரெயின் என்ற பர்பன் பாட்டிலை, அதைச் செய்யும் பஃபலோ டிரேஸிலேயே சோதித்தபோது போலி என்று வந்தது. ஆனால் கடைக்கு பில் உண்டு, கதவு உண்டு, போய்ச் சண்டை போடலாம்.

காலி பாட்டில்களை ஆன்லைனில் பகிரங்கமாகவே விற்கிறார்கள். அலங்காரத்துக்காம். பாதி பேர் அலங்காரத்துக்குத்தான் வாங்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதி எங்கே போகிறது?

நடந்ததைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிய அன்றே முன்பின் தெரியாத ஒருவர் தனியாகக் கேட்டார்: "அந்த காலி பாட்டில், மூடியோடு இருந்தால், 100 டாலர் தருகிறேன்." பதில் போடவில்லை. மார்க்கரால் லேபிள் முழுக்கக் கிறுக்கி, கழுத்தைச் சுத்தியலால் உடைத்த பிறகுதான் குப்பையில் போட்டேன்.