டெபியன் 12.4: சில வரிகளுக்காக ஒரு வெளியீடு

லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான டெபியனின் 12.3 பதிப்பு வரவிருந்த நாளில் அதை நிறுத்திவைத்துவிட்டு, மறுநாள், 2023 டிசம்பர் 10 அன்று, 12.4-ஐத் தந்தார்கள். நான் அப்கிரேடு செய்தது என் மேசைக்கு அடியில் தூசி தின்னும் பழைய கணினியில். அதில்தான் குடும்பப் புகைப்படங்கள் அத்தனையும் இருக்கின்றன.

நிறுத்தக் காரணமான பிழை சிறியது, விளைவு பயங்கரம். இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலில், வட்டில் கோப்புகளை வைத்துப் பராமரிக்கும் இஎக்ஸ்டி4 என்ற பகுதிக்கான திருத்தம் ஒன்றை, 6.1.64-இல் பழைய கிளைக்கு (இன்னும் பராமரிக்கப்படும் பழைய பதிப்பு வரிசைக்கு) கொண்டுவந்தவர்கள், அதற்கு முன்தேவையான இன்னொரு திருத்தத்தை விட்டுவிட்டார்கள். நினைவகத் தேக்கத்தைத் தவிர்த்து நேரடியாக வட்டில் எழுதும்போது, ‘இதுவரை எழுதியாயிற்று’ என்ற குறி நகரவில்லை. அடுத்து எழுதுவது தவறான இடத்தில் போய் விழும். நோட்டில் எழுதிய வரியின் மேலேயே மறுபடி எழுதுவதுபோல. கணினி மூச்சுக்கூட விடாது, அதுதான் எரிச்சல்.

6.1.66-இல் விடுபட்ட திருத்தத்தைச் சேர்த்தார்கள். நான் படித்துப் பார்த்தேன்: குறியை நகர்த்தும் வரிகளைச் சற்றுக் கீழே தள்ளியதுதான் முக்கிய வேலை. சுத்தமான கைவேலை. தனியாகப் பார்த்தால், இதை விட்டுவிட்டால் என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் கேட்டிருப்பேன்.

அப்கிரேடு சில நிமிடங்களில் முடிந்தது, ஒருமுறை ரீபூட். என் படங்கள் தப்பின. இருந்தாலும் பேக்கப்போடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தூங்கினேன்.

வெளியீட்டை நிறுத்திய துணிச்சலுக்கு ஐந்துக்கு ஐந்து. அந்தப் பிழை நிலையான கிளைவரை நழுவி வந்ததற்கு ஒன்றரையைக் கழித்துக்கொள்கிறேன்.