உப்புக் காற்றில் பழைய பிக்கப்: 207-ஆ, கேம்பரா, ஸெனானா?

பின் டோரின் கீலுக்குள் சாவியை விட்டு நெம்பினேன். காய்ந்துபோன மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவரை வண்டிக்காரர், "சிமென்ட் கடைக்கு மட்டும்தான் சார் ஓடிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. செதிலைக் கீழே போட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்ணே" என்று நடையைக் கட்டினேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி ஓடிய வண்டிக்கு என்ன ஆகும் என்பது திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தொட்டியின் தகடு இணைப்புகள் வழியாகச் சொட்டிச் சொட்டி நேராக சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் விழும். மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அடியில் அரிப்பு நிற்காது. வட சென்னையில் பழைய பிக்கப் தேடுகிறவர்கள் எப்போதும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறோம். என் கட்சி வேறு. இன்ஜினை எந்தத் தெருவிலும் பிரித்துப் போட்டுவிடலாம். அரித்த சேசிஸை யாரும் மீட்டுத் தர முடியாது. அதனால் எந்த மாடல் வாங்குவது என்ற கேள்வியையும் அடியிலிருந்துதான் பார்க்கிறேன்: எந்த வண்டியின் உடம்பு தாங்கும், கெட்டுப்போனால் எதற்குத் தகடும் கதவும் கிடைக்கும்?

குட்டி யானையை (டாடா ஏஸ்) முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். உழைக்கிற வண்டி, மரியாதை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசையாகத் துடைத்து பழவேற்காடு வரை ஓட்டிப் போகிற வண்டி அது இல்லை.

மனசு முதலில் போவது டாடாமொபைல் 206 மேல்தான். 1988-ல் வந்தது, 1948 சிசி டீசல். அதே அடித்தளத்தில்தான் 1991-ல் டாடா சியாரா பிறந்தது. முகத்தைப் பார்த்தாலே உறவு தெரியும். பள்ளிக்கூட நாட்களில் இது தெருவில் போனால் திரும்பிப் பார்ப்போம். ஆனால் இன்று நல்ல 206 கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் முன் கண்ணாடி ரப்பரில் ஆரம்பித்து டேஷ்போர்டு வரை ஒவ்வொன்றுக்கும் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் நாள்கணக்கில் சுற்ற வேண்டும். வேறொரு வண்டி ஓட்டத்துக்கு வைத்திருப்பவர் மட்டும் இதில் இறங்கலாம்.

அதன் தம்பி 207 டிஐ வேறு கதை. 2956 சிசி, நேரடி இன்ஜெக்‌ஷன். 407 லாரியில் இருக்கிற அதே இன்ஜின் குடும்பம் என்பதால் பிஸ்டன், லைனர், கேஸ்கட் எதற்கும் அலைய வேண்டாம். மாதவரத்தில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பார். கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப் சர்வீஸ், நாசில் சர்வீஸ் செய்தால் மறுபடி உயிர் வந்துவிடும். குறை என்னவென்றால், அது லாரியின் குணத்தோடு பிறந்த வண்டி. காலி வண்டியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் பதியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய 207-ஐ வண்ணாரப்பேட்டைச் சந்துக்குள் திருப்பிப் பார்த்தால் தோள்பட்டை பேசும். இன்னொன்று, 207 என்றாலே பாரம்தான். ஓய்ந்து கிடந்த 207-ஐ நான் பார்த்ததே இல்லை.

மஹிந்திரா பொலேரோ கேம்பரில் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சின்னத் தொட்டி. பழைய 2523 சிசி டிஐ இன்ஜின் இருக்கிற வண்டியாகத் தேடினால் இதிலும் கம்ப்யூட்டர் தொல்லை இல்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சென்னையில் பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில்தான். அதனால் 2010-க்குப் பிறகான வண்டிகளில் பழைய டிஐ இன்ஜின் வேண்டுமென்றால் வெளி மாவட்டப் பதிவில் தேடுவது நல்லது. ஆர்.சி. புக்கைப் படித்து, பானெட்டையும் திறந்து பார்த்துவிடுங்கள். ஓட்டத்தில் கேம்பர் ராஜா கிடையாது. 80-ஐத் தாண்டினால் காற்றுச் சத்தமும் இன்ஜின் சத்தமும் போட்டி போடும்.

ஆனால் என் கேள்விக்கு நல்ல பதில் தருவது இதுதான். பொலேரோ 2000-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிற வண்டி. முன் கதவு, ஃபெண்டர், பானெட், கண்ணாடி, கைப்பிடி எல்லாம் கடையில் தொங்குகிறது. பழையது வேண்டுமானால் புதுப்பேட்டையில் குவிந்து கிடக்கிறது. கதவின் அடிப்பக்கம் அரித்துவிட்டதா? பட்டி பூசி மறைக்க வேண்டாம், கதவையே மாற்றிவிடலாம்.

டாடா ஸெனான் ஓட்டுவதற்கு 207, கேம்பர் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். 2.2 லிட்டர் டைகோர் இன்ஜினில் 140 குதிரைச் சக்தி. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் ஏறினால் காரா பிக்கப்பா என்று சந்தேகம் வரும். நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு பின் விளக்குக்காக அவர் அலைந்ததைக் கிட்டே இருந்து பார்த்தவன் நான். உற்பத்தி நின்றுபோன மாடல், விற்றதும் குறைவு, அதனால் உதிரி பாகம் எப்போதும் தேடல்தான். டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சும் காமன் ரயில் இன்ஜின் என்பதால் டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் இன்ஜெக்டர் பல்லைக் காட்டும். தெரு மெக்கானிக் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் அனுப்பிவிடுவார்.

ஸெனானுக்குப் போட்டியாக ஸ்கார்பியோ கெட்டவே (Getaway) பிக்கப். முன்பாதி அப்படியே ஸ்கார்பியோ. விளக்கு, ஃபெண்டர், முன் கதவு எல்லாம் எளிதாகக் கிடைக்கும். ஸெனானா கெட்டவேயா என்று கேட்டால், கண்ணுக்கு ஸெனான், கைக்கு கெட்டவே என்பேன். இரண்டுமே விற்பனைக்கு வருவது அபூர்வம். நல்லது வந்தால் மறுநாளே போய்விடும்.

இசுஸு வி-கிராஸைப் பழைய வண்டி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் 2016-ல் வந்த முதல் வண்டிகளுக்கு வயசாகிவிட்டது. நம்ம ஊருக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் செய்த வண்டி என்பதில் ஒரு சொந்தம் உண்டு. 2.5 லிட்டர், நாலு சக்கர ஓட்டம், அருமையான கட்டுமானம். விலையும் உதிரி பாகமும் அதே அளவுக்கு உயரம். பிரித்து மேய்ந்து சரிசெய்யும் சந்தோஷத்துக்காக வாங்குகிறவருக்கு இது எதற்கு? காசு இருந்தால் வாங்கி ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் வி-கிராஸ் எல்லோரையும் ஜெயிக்கிறது: வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகப் பதிவு. 207-ம் கேம்பரும் சரக்கு வண்டிகள், மஞ்சள் போர்டு. எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி. (தகுதிச் சான்று), அதற்கு மேல் வருஷா வருஷம். 15 வயசு தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரலிலிருந்து எஃப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை, அதையும் ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸெனானும் கெட்டவேயும் இரண்டு விதப் பதிவிலும் வரும். மஞ்சளை வெள்ளையாக்கித் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள்.

சரி, வண்டியை எங்கே தேடுவது? நான் கடலுக்கு முதுகைக் காட்டினேன். செங்குன்றம் பக்கம் அரிசி மில் வண்டிகள் ஏராளம். உப்பு படாத வண்டிகள், ஆனால் மூட்டை பாரம் தின்றவை. பின் ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் தட்டையாகப் படுத்திருக்கும். அது பரவாயில்லை, பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றலாம், புதிதாகவும் போடலாம். மணலியில் கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் ஓடிய வண்டிகளும் நல்லவைதான், சர்வீஸ் கணக்காவது இருக்கும்.

எந்த வண்டியானாலும் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கே நின்றது என்று கேட்கிறேன். பதிலை நம்புவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்க்கிறேன். தண்ணீரில் நின்ற வண்டியென்றால் சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். அதைத் துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பழைய டிஐ வண்டி மூழ்கியிருந்தால் ஆயில் மாற்றி, பம்ப் பார்த்து, ஒயரிங் தட்டி எழுப்பிவிடலாம். ஸெனானோ வி-கிராஸோ மூழ்கியிருந்தால் கன்ட்ரோல் யூனிட்டும் கனெக்டர்களும் மாதக்கணக்கில் பழிவாங்கும்.

கடைசியில் நான் எடுத்தது 2009 கேம்பர், செங்குன்றத்து மில் வண்டி. உடன் வந்த பெரியவர் மெக்கானிக்தான் முடிவு செய்தார். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். சின்னச் சுத்தியலால் சேசிஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு மேலே மட்டும் ஒரு இடத்தில் 'டொப்'. "இங்க ஒண்ணு இருக்கு நைனா. மத்ததுலாம் இரும்பு" என்றார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று வந்தது. பேக் காம்ப்ரெஷன், ரிங் தேய்ந்து இன்ஜின் காற்று கீழே கசிகிறது என்று அர்த்தம். எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் மூடியைத் திருப்பி மாட்டிக்கொண்டே, "இத்தச் சொல்லி வெலயக் கொற" என்றார். இருபதாயிரம் குறைந்தது.

முதல் ரெண்டு மாதம் இன்ஜினைத் தொடவே இல்லை. தொட்டியைக் கழற்றிக் கீழே இறக்கினோம். சேசிஸை மணல் பீச்சித் துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை எடுத்து, அன்றைக்கே துத்தநாக பிரைமர் அடித்தோம். மறுநாளைக்கு என்று விட்டால் நம்ம காற்றில் காலையிலேயே மஞ்சள் பூத்திருக்கும். 'டொப்' என்ற இடத்தை வெட்டியெடுத்து அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங். டிஐ வண்டியில் பேட்டரியைக் கழற்றினால் போதும். காமன் ரயில் வண்டியில் ஆர்க் வெல்டிங் வைக்கும்போது கன்ட்ரோல் யூனிட் கனெக்டரையும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது புகைந்துவிடும். துருவின் மேலேயே கறுப்புத் தார் பூசிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அங்கே விடாதீர்கள், தாருக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரும். தார் பூச்சு வேண்டுமானால் பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு.

முன் கதவு இரண்டும் புதுப்பேட்டையில் எடுத்தவை. ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. ஆறு மாதம் அப்படியே ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் இன்ஜின்: ரீபோர், பிஸ்டன், ரிங், ஹெட் லேத்துக்குப் போய் வந்தது. எல்லாம் பதினோரு நாளில் முடிந்தது. சேசிஸ் வேலைக்கு ஆன காலத்தில் இது கால்வாசிகூட இல்லை.

வாட்டர் வாஷ் விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிப் பல வருஷமாகிறது. நம்ம பக்கத்திலும் பல போர்வெல்களில் உப்புக் கரிக்கும். இவ்வளவு செலவு செய்த சேசிஸ் மேல் அந்தத் தண்ணீரையே வேகமாகப் பீச்சினால் எப்படி? இப்போது எந்த வாட்டர் வாஷ் கடைக்குப் போனாலும் முதலில் குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். கடைப் பையன்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.