தத்தெடுப்புக்கான ஹோம் ஸ்டடி: ஐந்துக்கு மூன்றரை

மிக்சிக்கும் பிரியாணிக் கடைக்கும் ஆயிரம் ரிவ்யூ கிடைக்கிறது, இதற்குத் தேடினால் ஒன்றும் சிக்கவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் (CARA) இணையதளத்தில் தத்தெடுக்கப் பதிவு செய்தவர்களின் வீட்டுக்கு வந்து, பேசி, அறிக்கை தயாரிக்கும் சேவைதான் ஹோம் ஸ்டடி, கட்டணம் 6,000 ரூபாய். எங்களுக்குச் செய்துகொடுத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் நல்லது. வந்த சமூகப் பணியாளர் பீரோவைத் திறந்து பார்க்கிற ரகம் இல்லை. சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்றிதழ் எல்லாவற்றையும் மளமளவென்று பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, குழந்தை வளர்ந்து, நான் எங்கேர்ந்து வந்தேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"எதுக்குச் சொல்லணும், தெரியாமலே வளரட்டுமே" என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் அதுவரை யாருமே வாய்விட்டுப் பேசாத விஷயம். பள்ளிக்கூடத்தில் எவரோ சொல்லித் தெரிவதைவிட உங்க வாயால கேக்கட்டும்மா என்று அவர் நிதானமாகப் பேசினார், அத்தை அப்போதைக்கு "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார், ஆனால் அடுத்த தடவை அவர் வந்தபோது அந்தப் பேச்சை எடுத்ததே அத்தைதான். கொடுத்த காசு இதற்கே சரியாய்ப் போச்சு. போகிறபோது சம்ப் மூடிக்குப் பூட்டு போடச் சொல்லிவிட்டும் போனார்.

இழுத்தடித்தது காகிதம். எங்களுக்குக் கோயிலில் கல்யாணம், பதிவுச் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கினால், ஆதாரில் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக, சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் (தமிழ்நாட்டில் யாருக்குத்தான் எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்கிறது!). கோப்பு திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தால், முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டிய வேறொரு குறைக்காக மறுபடி திரும்பியது. போன் செய்தால் அலுவலகத்தில் எடுப்பதில்லை. ஒன்றரை மதிப்பெண் போனது இங்கேதான்.

அப்புறம் காத்திருப்பு. இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதிவு செய்து நிற்கும் பெற்றோர் ஏராளம், சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைகள் குறைவு. பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தை என்றால் அவர்கள் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு, இருக்கத்தான் வேண்டும். ஆக மூன்று வருடம் தாண்டுவது சகஜம். ஆனால் ஹோம் ஸ்டடி அறிக்கை செல்லுபடியாவதே 3 ஆண்டுகள்தான், முறை வருவதற்குள் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். இவ்வளவும் கடந்து குழந்தையின் விவரம் வந்தால் சம்மதம் சொல்ல 48 மணி நேரம். இதையெல்லாம் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு பண்டிகைக்கும் "எப்போ வருது?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லவாவது தெம்பு இருந்திருக்கும்.

அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவர்தான் "எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரியில சொல்லி ஏற்பாடு பண்ணவா?" என்றார். குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் சிறார் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். அவரிடம் நான் இவ்வளவு நாகரிகமாகச் சொல்லவில்லை.

நாங்கள் இன்னும் வரிசையில்தான் இருக்கிறோம். பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: இணையதளத்தில் பெயர் கொடுத்த நாளிலிருந்து ஆவணங்களை ஏற்ற 30 நாள்தான் கெடு. ஆதார், பான், திருமணச் சான்றிதழ் மூன்றையும் மேஜையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பெயர் கொடுங்கள். திருமணம் பதிவாகாமல் இருந்தால் அதுதான் முதல் வேலை.