பேங்கில் ‘முடியாது’ என்றார்கள், ஏன் என்று கேட்காமல் வந்தேன்: 42,500 ரூபாய் போன கதை

சேலம் சிவதாபுரம் பக்கம் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வியாபாரி வெள்ளியைக் கொடுப்பார், செய்து கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. இப்போது குடியிருக்கும் வீட்டில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். இன்றைக்கு வாடகை 9,000. ஒரு மாதம்கூட முன்னே பின்னே ஆனதில்லை. வீட்டை விற்கப் போவதாகச் சொன்ன வீட்டுக்கார அம்மா, “வெளியாளுக்குக் கொடுக்கறதுக்கு நீங்களே எடுத்துக்கங்க சாமி” என்றார். கையில் இருந்தது போக 15 லட்சம் தேவைப்பட்டது.

பேங்கில் பேப்பரையெல்லாம் புரட்டிப் பார்த்த மேடம், “அண்ணா, உங்க வருமானத்துக்கு இந்த டியூ தாங்காதுங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்து நாற்காலியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் நகைக் கடனைத் திருப்ப வந்து உட்கார்ந்திருந்தார். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. ‘உன்னால் கட்ட முடியாது’ என்று நாலு பேர் முன்னால் சொன்னதாகவே பட்டது. சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ், மூணு வட்டிக்கு வாங்கிய கைமாத்து என்று எதையும் பாக்கி வைக்காத ஆள் நான். ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஏன் தாங்காது, என்ன கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில், “அடுத்த மாசம் வரச் சொன்னாங்க” என்று பொய் சொன்னேன்.

நாலே நாளில் ஒரு ஆள் பட்டறைக்கே வந்தான். லோன் ஏஜென்ட்டாம். என் விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. “உங்களுக்கு ஸ்கோர் அடி வாங்கிருச்சுண்ணா, அதான் தள்ளிட்டாங்க. நான் சரி பண்ணித் தர்றேன். யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க, கண்ணு பட்டுரும்” என்றான். ஸ்கோர் என்பது, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்து நமக்குப் போடும் மார்க். சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் மாட்டியது அந்த இடத்தில்தான்.

முதலில் 2,500, ஃபைல் போட. பிறகு ‘ஸ்கோர் ஏற்ற’ 12,000. அதன்பின் வாட்ஸ்அப்பில், கடன் பாஸாகிவிட்டது என்று சாங்ஷன் லெட்டர் வந்தது. வட்டச் சீல், நீல மையில் கையெழுத்து, மேலே ரிசர்வ் வங்கியின் முத்திரை. என் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. ‘அவசரத்தில் அடித்திருப்பார்கள்’ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதைக் காட்டி இன்சூரன்ஸுக்கு 18,600, வரிக்கு 9,400. எல்லாம் ஒரு தனி ஆளின் ஜீபே எண்ணுக்கு. கையெழுத்துப் போட்ட வெறும் செக் இரண்டையும் கொடுத்திருந்தேன். கடைசி இரண்டு தவணைக்கு என் மனைவி தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குக் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு வந்தாள். கேட்டவர்களிடம் காது புண் என்றாள்.

பத்து நாள் ஆகியும் பணம் வராததால் அந்த லெட்டரோடு அதே பேங்குக்குப் போனேன். அதே மேடம்தான். பார்த்ததும், “இது எங்க லெட்டர் இல்லீங்கண்ணா” என்றவர், கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்து ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வருமான வரிக் கணக்கில் நான் காட்டியிருந்த வருமானம் மாதம் 28,000. கேட்ட கடனுக்கு 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு டியூ கிட்டத்தட்ட 13,500. வண்டி டியூ 3,200, மனைவி பேரில் குழுக் கடன் 2,600. மொத்தம் 19,300. வருமானத்தில் பாதிக்கு மேல் டியூ போனால் அவர்கள் கொடுப்பதில்லை. ஸ்கோர்? 762. அதில் ஒரு குறையும் இல்லை. தீபாவளி சீசனில் கையில் வாங்கும் கூலி எந்தக் கணக்கிலும் இல்லை, அவ்வளவுதான் சங்கதி.

அன்றைக்கே கேட்டிருந்தால் இது ஐந்து நிமிடப் பேச்சு. ஸ்கோர் என்று அவன் வாயைத் திறந்ததுமே பொய் என்று தெரிந்திருக்கும். கடனை மறுத்தால் முக்கியமான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் விதி. கடன் சின்னதா பெரியதா என்பதெல்லாம் இல்லை. கேளுங்கள், வெட்கமே வேண்டாம். இந்த ஸ்கோரைப் போடுகிற சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நாலு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஸ்கோரை ஏற்றிக் கொடுக்க எவனாலும் ஆகாது. என் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஆறு இடத்தில் என் பேரில் கடன் கேட்டு விசாரணை பதிவாகியிருந்தது. என் ஆதாரையும் பான் கார்டையும் வைத்து அவன் செய்த வேலை. 762 இப்போது 731.

செக் இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டாம் என்று பேங்கில் ஸ்டாப் பேமென்ட் போட்டேன். ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கான 1930-க்கு போன் செய்தேன், சைபர் கிரைமிலும் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை பணம் போட்டதற்கும் பரிவர்த்தனை எண் கேட்டார்கள். நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை. ஆனால் பணம் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கிலேயே நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும் என்றார்கள். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

அவன் எண் இப்போது அணைந்து கிடக்கிறது. செவ்வாய்ப்பேட்டை, கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டைப் பக்கம் பட்டறைக்காரர்கள், தறிக்காரர்கள் யாருக்காவது இதே மாதிரி நீல மைக் கையெழுத்தும் வட்டச் சீலும் போட்ட லெட்டர் வந்திருந்தால் ஒரு பைசாவும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே 1930-க்குக் கூப்பிடுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.