ஈரலுக்கு எது துணை: கேஸா, வெள்ளை ஊசியா?

தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கமிருந்து ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மயக்க மருந்து ஈரலைக் கெடுத்துடாதா சார்?" பயம் சும்மா வந்ததல்ல. 1956-இல் புழக்கத்துக்கு வந்த ஹாலோத்தேன் என்ற மயக்க கேஸ் ஈரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தது. உடம்புக்குள் போனதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஈரலே உடைக்க வேண்டியிருந்தது. அதில் பிறந்த பொருள், அபூர்வமாகச் சிலருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஈரல் மேலேயே ஏவிவிட்டது. இன்றைய மருந்துகளிடம் மயக்க டாக்டர்கள் நாங்கள் கேட்பது நேர்மாறான கேள்வி: ரத்தம் நிற்கும்போது ஈரலை இவற்றில் எது காக்கும்?

ஈரல் கட்டியை வெட்டும்போது ரத்தம் கொட்டாமலிருக்க, உள்ளே போகும் தமனியையும், குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையும் சேர்த்து இறுக்குவார்கள். 1908-இல் பிரிங்கிள் என்ற சர்ஜன் எழுதிவைத்த உத்தி. பட்டினி கிடக்கும் ஈரலுக்கு அதுவே ஒரு அடி. பிடியைத் தளர்த்தும்போது அடுத்த அடி விழும். கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் மோட்டார் புகைகிற கதைதான். ஆக்சிஜன் பாய்ந்ததும் தீவிர மூலக்கூறுகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) கிளம்பி செல்களை அரிக்கும், அழற்சி மூளும்.

நிஜமான போட்டி செவோஃப்ளூரேனுக்கும் ப்ரோபோஃபாலுக்கும் இடையில்தான். முதலாவது, மூச்சில் இழுக்கும் கேஸ். அடுத்தது, சோயா எண்ணெயில் கலந்த, பால் போல வெளுத்த ஊசி. ப்ரோபோஃபாலின் வேதி அமைப்பு வைட்டமின் ஈ-யை ஒத்தது. தீவிர மூலக்கூறுகளைத் தானே பிடித்து அடக்கும். செவோ அப்படியில்லை. முன்கூட்டியே செல்லைச் சீண்டி, வரப்போகும் அடிக்குத் தயார்படுத்துகிறது. எலியில் இரண்டுமே ஜெயிக்கும். எலியில் ஜெயிக்காத மருந்து எது, சொல்லுங்கள்!

மனிதர்களில் செவோவுக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 2008-இல் சூரிச் குழு 64 பேரை வைத்துச் செய்த ஆய்வில் எல்லோருக்கும் ப்ரோபோஃபால் மயக்கம்தான். ஒரு பிரிவினருக்கு மட்டும், ரத்தத்தை நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் செவோ. ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம்கள் அவர்களுக்குக் குறைவாக ஏறின, சிக்கல்களும் குறைந்தன. ஆனால் 2015-இல் ஈரல் மாற்று ஆபரேஷனில் செவோவையும் ப்ரோபோஃபாலையும் நேருக்கு நேர் நிறுத்தியபோது சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. கட்டி வெட்டும் ஆபரேஷன் என்றால் என் ஓட்டு செவோவுக்கு, அதுவும் லேசான சாய்வுதான்.

மற்றவை? ஐசோஃப்ளூரேன் கேஸ் பழசு, மலிவு, ஈரல் தமனியின் ஓட்டத்தை ஓரளவு காப்பாற்றும்; கிடைக்கிற இடத்தில் தாராளமாகப் போடலாம். இன்னொரு கேஸான டெஸ்ஃப்ளூரேன் 23 டிகிரியிலேயே கொதித்துவிடும், நம்மூர் வெயிலில் பாட்டிலைத் திறந்தாலே ஆவி. அதற்கென்று சூடாக்கும் தனி வேப்பரைசர் (மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) வாங்கிவைக்கும் அளவுக்கு ஈரலுக்கு அதிக லாபமில்லை. தூக்க ஊசியான டெக்ஸ்மெடிடோமிடின் அழற்சியைத் தணிக்கும், நாடித்துடிப்பையும் இறக்கிவிடும்.

ஈ.சி.ஆரில் பைக் மோதி ஈரல் கிழிந்து வருகிறவரிடம் இந்த ஒப்பீடெல்லாம் எடுபடாது. ஏற்கெனவே பி.பி. எண்பதில் ஊசலாடும். வழக்கமான அளவு ப்ரோபோஃபால் போட்டால் அதுவும் சரியும். சரிந்தால் ஈரலுக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் போச்சு. அங்கே நான் கை நீட்டுவது கெட்டமின் என்ற மயக்க ஊசிக்கு, அதையும் குறைத்துத்தான். ஈரலைத் தனியாகக் காக்கும் என்பதற்காக அல்ல, பி.பி.யை அவ்வளவாகக் கவிழ்க்காது என்பதற்காக. மதுரைக்கு அனுப்புவதானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியெல்லாம் அந்த பி.பி. நிற்க வேண்டும்.

திட்டமிட்ட ஆபரேஷனிலும் கேஸா ஊசியா என்பதைவிட சர்ஜனின் கடிகாரத்தைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். பதினைந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி இறுக்குகிறாரா, அல்லது ஒரே பிடியாக முடிக்கப் பார்க்கிறாரா? ஏற்கெனவே கொழுப்பு படிந்த ஈரல் என்றால் அந்த ஐந்து நிமிட இடைவெளிக்காக அவரோடு சண்டை போடவும் தயார்.